ரத்தத்துக்குள் ஒரு ராஜபாளையம் நாய்!

ராஜபாளையம் நாயைப் பார்த்திருக்கிறீர்களா? பால் வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு. அது காவல் இருக்கும் தோட்டத்தில் அந்நியர் கால் வைக்க முடியாது. ஆனால், திருடன் வீட்டுக்காரரைப் போலவே வேடம் போட்டு வந்தால்? பாவம், வாலை ஆட்டிக்கொண்டு சும்மா இருந்துவிடும்!

நம் ரத்தத்திலும் இப்படிக் காவல்காரர்கள் உண்டு. வெள்ளை அணுக்கள் என்று படித்திருப்பீர்கள். அவற்றில் ஒரு வகை 'டி' செல்கள். கிருமி புகுந்த செல்களைத் தேடி அழிப்பது இவற்றின் வேலை. இன்னொரு வகை 'பி' செல்கள். இவை சிலருக்குக் கட்டுப்பாடின்றிப் பெருகிவிடும். அது ஒருவகை ரத்தப் புற்றுநோய். நம் உடம்பிலேயே பிறந்த செல்கள் அல்லவா? அதனால் டி செல்கள் அவற்றை எதிரி என்று எண்ணாமல் விட்டுவிடுகின்றன.

விஞ்ஞானிகள் ஒரு வழி கண்டார்கள். பி செல்லின் மேல் 'சிடி 19' என்ற புரதம், சட்டையில் குத்திய பேட்ஜ் போல இருக்கிறது. நோயாளியின் ரத்தத்திலிருந்து டி செல்களைப் பிரித்தெடுத்து, தீங்கு செய்யாதபடி மாற்றிய வைரஸ் மூலம் புதிய மரபணு ஒன்றை உள்ளே அனுப்பினார்கள். இப்போது டி செல்லின் மேல், அந்தப் பேட்ஜைப் பற்றிக்கொள்ளும் கொக்கி முளைத்துவிடும்! இந்தச் செல்களைக் கோடிக்கணக்கில் பெருக்கி, அதே நோயாளிக்கு ஏற்றுவார்கள். இதுதான் 'கார்-டி செல்' சிகிச்சை.

2012-ல் அமெரிக்காவில் எமிலி வைட்ஹெட் என்ற 6 வயதுச் சிறுமிக்கு இதைச் செய்தார்கள். டி செல்கள் போரிட்ட வேகத்தில் கடும் காய்ச்சல் வந்து, உயிருக்கே ஆபத்தானது. மூட்டுவாதத்துக்குத் தரும் ஒரு மருந்து அவளைக் காப்பாற்றியது. புற்றுநோயும் மறைந்தது!

ஆனால், அங்கே இதற்குக் கோடிக்கணக்கில் செலவாகும். நம் நாட்டவர் என்ன செய்வது? மும்பை ஐ.ஐ.டி.யும் டாடா நினைவு மருத்துவமனையும் கைகோத்தன. கொக்கியில் எலியிலிருந்து வந்த பகுதியை மனித உடலுக்கு ஏற்றபடி மாற்றியமைத்தார்கள். 2023 அக்டோபரில் அரசு அனுமதி கிடைத்தது. 2024 ஏப்ரல் 4-ல் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு இதைத் தொடங்கி வைத்தார். செலவு அமெரிக்காவில் ஆவதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவை, கிண்டிய அன்றே அங்கேயே தின்றால் ருசியே தனி, இல்லையா? வேலூர் சி.எம்.சி. மருத்துவர்களும் அப்படித்தான் செய்தார்கள். செல்களை வெளியூர் அனுப்பி உறைய வைத்துக் கொண்டுவராமல், தங்கள் மருத்துவமனையிலேயே சுமார் 9 நாளில் தயாரித்துப் புதிதாகவே ஏற்றினார்கள். இந்தச் சோதனையில் 80 சதவீதம் பேர் 15 மாதங்களுக்குப் பிறகும் புற்றுநோய் இல்லாமல் இருந்ததாக, இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் 2025-ல் அறிவித்தது.

வேலை இன்னும் முடியவில்லை. சில புற்றுநோய் செல்கள் பேட்ஜைக் கழற்றிவிட்டுத் தப்புகின்றன. அதனால் இரண்டு பேட்ஜ்களை அறியும் டி செல்களை உருவாக்க முயல்கிறார்கள். செலவும் இன்னும் லட்சங்களில்தான் இருக்கிறது. அதைக் குறைக்கப்போவது உங்களில் ஒருவராகவும் இருக்கலாம்!

ஒன்று சொல்லட்டுமா? சிறுவர்களுக்கு வரும் ரத்தப் புற்றுநோய் பெரும்பாலும் வழக்கமான மருந்துகளிலேயே குணமாகிவிடும். அந்த மருந்தால் முடி கொட்டி, தொப்பியோடு ஒரு நண்பன் வகுப்புக்குத் திரும்பி வரலாம். இது தொற்றுநோய் அல்ல. விலகி உட்காராமல், பெஞ்சில் தள்ளி உட்கார்ந்து அவனுக்கு இடம் கொடுங்கள். செய்வீர்கள்தானே?