மூலநிரல் உண்டு, சாவி இல்லை

2007 ஜூன் 29 அன்று அமெரிக்கக் கடைகளில் முதல் ஐபோன் விற்பனைக்கு வந்தது. அதே நாளில் பாஸ்டனில் இயங்கும் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை, ஜிபிஎல் என்கிற உரிமத்தின் மூன்றாம் பதிப்பை வெளியிட்டது. ஒன்றுக்குக் கடை வாசலில் வரிசை நின்றது. மற்றொன்றை நிரலர்களும் வழக்கறிஞர்களும் மட்டும் வரிவரியாகப் படித்தார்கள். ஆனால் ஒரே கேள்விக்கு இரண்டும் எதிரெதிரான விடைகள். காசு கொடுத்து வாங்கிய கருவிக்குள் எந்த மென்பொருள் ஓடலாம் என்று முடிவு செய்வது யார்? வாங்கியவரா, செய்தவரா?

முதலில் ஜிபிஎல் வேலை செய்யும் விதத்தைப் பார்ப்போம். ஒருவர் நிரல் எழுதினால், எந்த அலுவலகத்திலும் பதிவு செய்யாமலேயே அதன் பதிப்புரிமை அவருக்குச் சேர்ந்துவிடுகிறது. அவர் அனுமதி இல்லாமல் யாரும் அதை நகலெடுத்து விநியோகிக்க முடியாது. 1983இல் க்னூ என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்தை அறிவித்த ரிச்சர்ட் ஸ்டால்மன் இந்தச் சட்டத்தை எதிர்த்துக் கொடி பிடிக்கவில்லை, அதையே கருவியாக்கிக்கொண்டார். என் நிரலை ஓட்டு, படி, மாற்று, பிறருக்கும் கொடு. ஆனால் கொடுக்கும்போது மூலநிரலையும், அதாவது மனிதர் படித்து மாற்றக்கூடிய வடிவத்தையும், இதே உரிமத்தையும் சேர்த்துக் கொடு. இதுதான் ஜிபிஎல்லின் நிபந்தனை. ஏற்க மாட்டேன் என்று சொல்லலாம்; அப்போது அனுமதியும் போய்விடும், மிஞ்சுவது பதிப்புரிமை மீறல்தான். இன்னொருவருக்குக் கைமாறும்போதுதான் இந்தக் கடமை பிறக்கிறது. மாற்றிய நிரலை உங்கள் வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டால் யாரும் எதுவும் கேட்க முடியாது.

இது நீதிமன்றத்தில் நிற்குமா என்று சந்தேகப்பட்டவர்கள் இருந்தார்கள். 2004இல் ஜெர்மனியின் மியூனிக் நீதிமன்றம், ஜிபிஎல்லை மீறிய ஒரு நிறுவனத்துக்குத் தடை விதித்தது. 2008இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்த வழக்கின் கரு பொம்மை ரயில். மாதிரி ரயில்களை இயக்கும் ஒரு திறமூல மென்பொருளின் கோப்புகளை வேறொருவர் பெயர் குறிப்பிடாமல் எடுத்துக்கொண்டிருந்தார். அங்கே இருந்தது ஜிபிஎல் அல்ல, வேறொரு திறந்த உரிமம். ஆனாலும் அப்படிப்பட்ட உரிமத்தின் நிபந்தனையை மீறுவது பதிப்புரிமை மீறலாகும் என்று அந்த நீதிமன்றம் சொன்னது.

நிபந்தனைக்குப் பணிந்தால் என்ன விளையும் என்பதற்கு லிங்க்சிஸின் டபிள்யூஆர்டி54ஜி என்ற நீல நிற வீட்டு ரௌட்டர் நல்ல சாட்சி. 2003இல் அதைக் குடைந்து பார்த்த ஆர்வலர்கள், உள்ளே ஓடுவது லினக்ஸ் என்ற இயங்குதளம் என்று கண்டுபிடித்தார்கள். லினக்ஸ் 1992 முதல் ஜிபிஎல் இரண்டாம் பதிப்பின் கீழ் இருக்கிறது. எனவே மூலநிரலைக் கேட்டார்கள். நிறுவனம் கொடுக்க வேண்டியதாயிற்று. அதன் மேல் கட்டப்பட்டதுதான் 2004இல் பிறந்த ஓப்பன்டபிள்யூஆர்டி. பிற்காலத்தில் எத்தனையோ பழைய ரௌட்டர்களுக்கு அது மறுவாழ்வு கொடுத்தது.

டிவோ வேறு வகை. 1999இல் அமெரிக்காவில் அறிமுகமான இந்தத் தொலைக்காட்சிப் பதிவுப் பெட்டிக்குள்ளும் லினக்ஸ்தான். மூலநிரலையும் ஒழுங்காகக் கொடுத்தார்கள். ஆனால் அதில் கைவைத்து மாற்றிய நிரலைப் பெட்டியில் போட்டால் பெட்டி ஏற்காது என்பது ஸ்டால்மன் தரப்பின் குற்றச்சாட்டு.

இத்தகைய பூட்டின் நுட்பம் எளிமையானது, அழகானதும்கூட. ஒரு கோப்பு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அதைக் கணித்து ஒரு சிறிய, நிலையான நீளமுள்ள எண்ணாகச் சுருக்கலாம். இன்று பரவலாக இருக்கும் ஷா-256 முறையில் அந்த எண் 256 பிட் நீளம். கோப்பில் ஓர் எழுத்தை மாற்றினால் போதும், அந்த எண்ணில் ஏறத்தாழப் பாதி பிட்கள் புரண்டுவிடும். தயாரிப்பாளர் அந்த எண்ணுக்குத் தன் ரகசியச் சாவியால் கையொப்பமிடுகிறார். அதைச் சரிபார்க்கும் பொதுச் சாவி கருவியின் சில்லுக்குள் இருக்கிறது. பொதுச் சாவியால் கையொப்பத்தைச் சரிபார்க்க முடியும், புதிதாகப் போட முடியாது. கருவி விழித்தெழும் ஒவ்வொரு முறையும் சில்லு கணக்குப் போட்டுப் பார்க்கிறது. பொருந்தவில்லையா, மேற்கொண்டு நகராது. நிரலைப் படிக்கும் உரிமையும் மாற்றும் உரிமையும் காகிதத்தில் அப்படியே இருக்கும். பெட்டியிடம் மட்டும் உங்கள் பாச்சா பலிக்காது.

இந்த ஓட்டையை அடைக்கத்தான் மூன்றாம் பதிப்பு. அதை எழுதுவதில் ஸ்டால்மனுடன் கொலம்பியா பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் எபன் மோக்லன் நின்றார். 2006 ஜனவரியில் வெளியான முதல் வரைவைத் தொடர்ந்து மேலும் மூன்று வரைவுகள் பொது விவாதத்துக்கு வந்தன. இறுதி வாசகம் சொல்வது இது: வீட்டு உபயோகக் கருவியில் இந்த நிரலை வைத்து விற்றால், மாற்றிய நிரலை அதே கருவியில் நிறுவி ஓட்டத் தேவையான தகவலையும், சாவிகள் உட்பட, கொடுக்க வேண்டும். ஒரு விலக்கும் உண்டு. நிரல் மாற்றவே முடியாத நினைவகத்தில் பதிக்கப்பட்டு, தயாரிப்பாளராலேயே அதை மாற்ற முடியாது என்றால் இந்தக் கடமை இல்லை. உரிமத்தின் உள்ளக்கிடக்கை இந்த விலக்கில்தான் பளிச்சென்று தெரிகிறது. பூட்டு இருப்பது அதற்குப் பிரச்சினையில்லை. விற்றவரால் திறக்க முடிந்ததை வாங்கியவரால் திறக்க முடியாமல் போவதுதான் பிரச்சினை.

லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் இதை ஏற்கவில்லை. என் நிரலை எடுத்தாயா, நீ செய்த மாற்றத்தைக் காட்டு, கணக்குத் தீர்ந்தது என்பது அவர் நிலை. வன்பொருள் அதைச் செய்தவருடையது. அதை எப்படிக் கட்டுவது என்று மென்பொருள் உரிமம் ஆணையிடுவது எல்லை மீறல் என்றார். 2006 செப்டம்பரில் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் முன்னணி நிரலர்கள் பலர் கூட்டாக எதிர்ப்பறிக்கை வெளியிட்டார்கள். விரும்பியிருந்தாலும் மாறுவது லேசான காரியமாக இருந்திருக்காது. பல மென்பொருள்கள் ‘இரண்டாம் பதிப்பு அல்லது அதற்குப் பிந்தையது’ என்று கதவைத் திறந்து வைத்திருந்தன. லினக்ஸ் கெர்னலோ இரண்டாம் பதிப்போடு நிற்கிறது. அதன் பதிப்புரிமை ஆயிரக்கணக்கானோரிடம் சிதறிக் கிடக்கிறது. உரிமத்தை மாற்ற அத்தனை பேரின் சம்மதமும் வேண்டும்.

மூன்றாம் பதிப்பைக் கண்டு நிறுவனங்கள் விலகும் என்ற அச்சத்துக்கு ஆதாரமும் கிடைத்தது. ஒரு மேக் கணினியில் டெர்மினலைத் திறந்து, அதோடு வந்த பேஷ் என்ற கட்டளை ஷெல்லின் பதிப்பைக் கேட்டுப் பாருங்கள். 3.2.57 என்று வரும். பக்கத்தில் 2007 என்ற ஆண்டு. 2009இல் வந்த நான்காம் பதிப்பிலிருந்து பேஷ் ஜிபிஎல் மூன்றுக்கு மாறியது. ஆப்பிள் அந்தக் கோட்டைத் தாண்டவில்லை. 2019இல் மேக்கின் இயல்பான ஷெல்லாக, ஜிபிஎல்லுக்கு வெளியே உள்ள இசட்-ஷெல்லை அமர்த்திவிட்டது.

ஆக, இரு தரப்பும் ஒரே நிரலைத்தான் நேசிக்கின்றன. அதன் சுதந்திரம் கோப்போடு முடிகிறதா, கருவிவரை நீள்கிறதா என்பதில்தான் பிரிகின்றன. டோர்வால்ட்ஸின் தாராளத்துக்குப் பலன் இருக்கிறது: லினக்ஸ் கெர்னல் இன்று எல்லா ஆண்ட்ராய்டு போனிலும் ஓடுகிறது. விலையும் இருக்கிறது. தொடக்க நிரலான பூட்லோடர் பூட்டப்பட்ட ஒரு போனுக்குத் தயாரிப்பாளர் அப்டேட்டை நிறுத்திய பிறகு கெர்னலில் ஒரு பாதுகாப்பு ஓட்டை தெரியவந்தால், அதற்கான திருத்தம் எல்லோர் கண்ணுக்கும் முன்னால் இணையத்தில் கிடக்கும். வாங்கியவர் அதைப் படிக்கலாம், தொகுக்கலாம், பிறருக்கும் கொடுக்கலாம். தன் போனில் மட்டும் போட முடியாது.