குறுகிய முகமும் நீண்ட உடலும் – ஒரு டச்சு வணிகர் வீட்டின் கதை

நெதர்லாந்து நாட்டின் ஆம்ஸ்டர்டாம் நகரில், கால்வாய்க் கரைகளில் 17ஆம் நூற்றாண்டு வீடுகள் ஒன்றையொன்று ஒட்டி வரிசையாக நிற்கின்றன. பல வீடுகளின் முகப்பு ஆறேழு மீட்டர் அகலமே இருக்கும். உயரமோ நான்கைந்து அடுக்கு. உச்சியிலிருந்து ஓர் உத்திரம் தெருவை நோக்கி நீண்டிருக்கும். அதன் நுனியில் ஒரு கொக்கி. சில வீடுகள் முன்புறமாகச் சற்றே சாய்ந்தும் இருக்கும். கொத்தனாரின் கைப்பிசகோ என்று நீங்கள் ஐயுறலாம். அப்படியன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் உண்டு.

சேற்றின் மேல் ஒரு நகரம்

ஆம்ஸ்டர்டாமின் நிலம் களிமண்ணும், மட்கிய தாவரப் பொருள்களும் கலந்த சதுப்பு. அதன்மேல் நேரடியாகச் சுவர் எழுப்பினால் வீடு புதைந்துவிடும். ஏறத்தாழ 12 மீட்டர் ஆழத்தில்தான் உறுதியான மணல் அடுக்கு இருக்கிறது. ஆகவே நீண்ட மரக்கம்பங்களை அந்த மணலை எட்டும்வரை அடித்து இறக்கி, அவற்றின்மேல் வீட்டைக் கட்டினார்கள். 1655இல் திறக்கப்பட்ட நகர மன்ற மாளிகையை மட்டும் 13,659 கம்பங்கள் தாங்குகின்றன. இந்த எண்ணை நினைவில் வைக்க எளிய வழி உண்டு: ஆண்டின் நாட்கள் 365, முன்னால் 1, பின்னால் 9!

மரம் மட்கிப் போகாதா? மரத்தை மட்கச் செய்யும் பூஞ்சைகளுக்கு ஈரம் மட்டும் போதாது, ஆக்சிஜனும் வேண்டும். நிலத்தடி நீரில் முழுவதும் மூழ்கியிருக்கும் மரத்துக்கு அது கிட்டுவதில்லை. நீர்மட்டம் தாழ்ந்து கம்பத்தின் தலை வெளிப்பட்டால் ஆபத்து.

குறுகலுக்குக் காரணம்

1613இல் நகரைச் சுற்றிப் புதிய கால்வாய்களை வெட்டத் தொடங்கினார்கள். அதே ஆண்டில்தான் நம் பழவேற்காட்டில் டச்சுக்காரர்களின் கோட்டை எழுந்தது. சோழமண்டலக் கரையின் பருத்தித் துணிகளைக் கொடுத்து, கிழக்குத் தீவுகளில் நறுமணப் பொருள்களை வாங்கினார்கள். வணிகம் பெருகப் பெருக, படகு வந்து நிற்கும் கால்வாய்க் கரைக்கு வணிகர்களிடையே போட்டி மிகுந்தது. கரையைப் பலருக்கும் பங்கிட, மனைகள் குறுகலாகவும் நீளமாகவும் பிரிக்கப்பட்டன.

குறுகலால் கட்டடக் கலைக்கும் நன்மை உண்டு. இவ்வீடுகளில் மாடித் தளத்தின் சுமையை, ஒரு பக்கச் சுவரிலிருந்து மறு பக்கச் சுவருக்குப் போடப்பட்ட மர உத்திரங்கள் தாங்குகின்றன. ஒரு பிளாஸ்டிக் அடிக்கோலை இரு புத்தகங்களுக்கு நடுவே பாலம்போல் வைத்து, மையத்தில் சிறு எடை ஒன்றைத் தொங்கவிடுங்கள். புத்தகங்களின் இடைவெளியை 12 சென்டிமீட்டரிலிருந்து 24 ஆக்குங்கள். வளைவு இரு மடங்கன்று, ஏறத்தாழ எட்டு மடங்காகும்! வளைவு நீளத்தின் மும்மடிக்கு நேர்விகிதத்தில் இருப்பதே காரணம். வீடு குறுகினால் உத்திரமும் குறுகும், தளம் உறுதிப்படும். சுமையைப் பக்கச் சுவர்களே ஏற்பதால், முகப்பில் பெரிய சன்னல்களும் வைக்க முடிந்தது.

மேலேறிய மூட்டைகள்

சரக்கை ஈரத்திலிருந்து காக்க மேல்மாடியில் சேமித்தார்கள். படிக்கட்டோ ஏணிபோல் செங்குத்து. மூட்டையுடன் ஏற முடியாது. உச்சிக் கொக்கியில் கப்பியை மாட்டிக் கயிற்றால் வெளிப்புறமாக மேலே இழுத்தார்கள். ஒற்றை நிலைக் கப்பி விசையின் திசையை மாற்றுமே தவிர, அதைப் பெருக்காது. எனவே சில வீடுகளின் மாடியில் பெரிய சக்கரத்தை ஓர் அச்சில் பொருத்தினார்கள். சக்கரத்தின் ஆரம் அச்சின் ஆரத்தைப்போல் எட்டு மடங்கானால், 80 கிலோகிராம் மூட்டையைத் தூக்க 10 கிலோகிராம் எடைக்குரிய விசை போதும் (உராய்வைக் கணக்கில் சேர்க்கவில்லை). ஆனால் கயிற்றை எட்டு மடங்கு நீளம் இழுக்க வேண்டும். முகப்பை முன்னே சாய்த்ததால், ஏறும் மூட்டை சுவரிலும் சன்னலிலும் மோதவில்லை.

முன்கட்டும் பின்கட்டும்

நீண்ட வீட்டின் நடுப்பகுதிக்கு வெளிச்சம் எப்படிக் கிட்டும்? வீட்டை முன்கட்டு, பின்கட்டு என இரண்டாகப் பிரித்து, இடையில் சிறு முற்றம் விட்டு, ஒரு நடையால் இணைத்தார்கள். தெருவில் நிற்பவர் கண்ணுக்குப் பின்கட்டு தெரியாது.

வெளிச்சத்துக்காகச் செய்த இந்த அமைப்பு, முந்நூறு ஆண்டுகளுக்குப் பின் வேறொன்றுக்கு உதவியது. பிரின்சன்கிராக்ட் கால்வாய்க் கரையில் 263ஆம் எண் வீடு 1635இல் கட்டப்பட்டது. 1940 டிசம்பரில் ஓட்டோ ஃபிராங்க் தம் நிறுவனத்தை இங்கே மாற்றினார். சரக்கு, ஜாம் செய்ய உதவும் பெக்டினும் நறுமணப் பொருள்களும். அப்போது நாடு நாஜி ஜெர்மனியின் பிடியில் இருந்தது. யூதரான அவர், 1942 ஜூலை 6 அன்று குடும்பத்துடன் பின்கட்டில் ஒளிந்தார். பின்னர் மேலும் நால்வர் சேர, எட்டுப் பேராயினர். பின்கட்டின் வாயிலை நகரும் புத்தக அலமாரி ஒன்று மறைத்தது. அலுவலக ஊழியர்கள் சிலர் இரகசியமாக உணவு கொண்டுவந்தார்கள்.

கண்ணுக்கு மறைந்த வீடு, காதுக்கு மறையவில்லை. மரத்தளத்தில் வைக்கும் காலடியின் அதிர்வு கீழ்த்தளம்வரை பரவும். குழாயில் ஓடும் நீரும் ஓசை எழுப்பும். கீழே கிடங்கில் வேலை நடந்த பகல் முழுவதும் எட்டுப் பேரும் ஓசைப்படாமல் இருக்க வேண்டியிருந்தது. ஈராண்டுக்கு மேல் அப்படி வாழ்ந்தார்கள். 1944 ஆகஸ்ட் 4 அன்று பிடிபட்டார்கள். முகாம்களிலிருந்து உயிருடன் மீண்டவர் ஓட்டோ ஒருவரே. அவருடைய இளைய மகள் ஆன் 1945இல், 15 வயதில் இறந்தாள். ஒளிந்திருந்தபோது அவள் எழுதிய நாட்குறிப்பு 1947இல் நூலாக வந்தது. அதன் டச்சுத் தலைப்பின் பொருள் என்ன தெரியுமா? 'பின்கட்டு' என்பதேதான்!

1950களில் இந்த வீட்டை இடிக்கத் திட்டமிட்டபோது நகர மக்கள் எதிர்த்தார்கள். வீடு தப்பியது, 1960 மே 3 அன்று அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. கம்பங்களையும் உத்திரங்களையும் கணக்கிட்டுக் கட்டியவர்கள் இதையெல்லாம் எண்ணியிருக்க மாட்டார்கள். ஆயினும் அவர்கள் முற்றம் விட்டுக் கட்டிய பின்கட்டுதான், அந்த எட்டுப் பேருக்கும் இரண்டு ஆண்டுகளைத் தந்தது.