ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா? வலி மாத்திரையில் கவனம்!

வால்வு ஆபரேஷனுக்குப் பிறகு அசிட்ரோம் சாப்பிடுகிறேன். முழங்கால் வலிக்கு மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போடலாமா?

டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், இபுப்ரூஃபென், நாப்ராக்சென் எதையும் நீங்களாகப் போடக் கூடாது. உறைவதற்குத் தேவையான புரதங்கள் கல்லீரலில் உருவாவதை அசிட்ரோம், வார்ஃபரின் போன்றவை குறைக்கின்றன. வலி மாத்திரைகளோ, காயத்தை முதலில் வந்து அடைக்கும் தட்டணுக்களை மந்தமாக்குகின்றன; இரைப்பையையும் புண்ணாக்குகின்றன. புண்ணும் வந்து, ரத்தமும் நிற்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் பரிசோதனை, தட்டணுக்களின் வேலையை அளப்பதில்லை. அதனால் ஐஎன்ஆர் உங்களுக்கு டாக்டர் சொன்ன அளவுக்குள் சரியாக இருக்கும்போதே ரத்தக் கசிவு வரலாம்.

எனக்கு அதிகம் கவலை தருவது, பட்டையைக் கத்தரித்துச் சின்னக் காகித உறையில் போட்டுத் தரும் ‘செட்’ மாத்திரைகள்தான். பெயரே தெரியாத மாத்திரையைப் பற்றி டாக்டரிடம் எப்படிச் சொல்வீர்கள்?

கூடவே பான்டபிரசோல் போட்டுக்கொண்டால் போதாதா?

இரைப்பைக்கு ஓரளவு பாதுகாப்பு. குடலின் கீழ்ப்பகுதியிலோ மூளையிலோ ஏற்படும் கசிவை அது தடுக்காது.

அப்படியென்றால் வலியோடுதான் இருக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. பெரும்பாலானவர்களுக்கு முதல் தேர்வு பாரசிட்டமால். ஆனால் வார்ஃபரின், அசிட்ரோம் சாப்பிடுபவர்கள் நாளுக்கு 2 கிராம், அதாவது 500 மி.கி. மாத்திரை நான்கு என்று தொடர்ந்து சில நாட்கள் போட்டால் ஐஎன்ஆர் ஏறக்கூடும். அப்படித் தொடர்ந்து தேவைப்பட்டால் டாக்டரிடம் சொல்லிப் பரிசோதனையை முன்கூட்டியே செய்துகொள்ளுங்கள். கல்லீரல் நோய், மதுப்பழக்கம் உள்ளவர்கள் முதல் மாத்திரைக்கு முன்பே கேட்க வேண்டும்.

பட்டையின் பின்பக்கத்தையும் படியுங்கள். பாரசிட்டமால் என்று நம்பி வாங்கும் பல மாத்திரைகளில் 325 மி.கி. பாரசிட்டமாலோடு 100 மி.கி. அசிக்ளோஃபெனாக்கோ, 400 மி.கி. இபுப்ரூஃபெனோ கலந்திருக்கும்.

ரிவராக்சபான், அபிக்சபானுக்கு ஐஎன்ஆர் பார்ப்பதே இல்லையே, அவற்றோடு டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளைப் போடலாமா?

கூடாது. பரிசோதனை தேவைப்படாததால் ஆபத்து குறைந்துவிடாது. ஆஸ்பிரின் 75, குளோபிடோக்ரெல் சாப்பிடுபவர்களுக்கும் இதேதான். போதாததற்கு, ஆஸ்பிரினுக்கு முன் இபுப்ரூஃபென் போட்டால், இதயத்துக்கு ஆஸ்பிரின் தரும் பாதுகாப்பே குறையலாம்.

வலி மாத்திரை போடும் இரண்டு நாள் மட்டும் ரத்த மாத்திரையை நிறுத்திவிட்டால்?

தயவுசெய்து செய்யாதீர்கள். செயற்கை வால்வில் ரத்தம் கட்டி வால்வே அடைபடலாம். அந்த ரத்தக்கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். பல் பிடுங்குவதற்குக்கூட நீங்களாக நிறுத்தாதீர்கள். பல் டாக்டரிடம் விவரம் சொல்லுங்கள்.

தைலம், ஊசி?

வலிக்கும் இடத்தில் கொஞ்சம் தைலம் தேய்ப்பதில் பெரிய பயமில்லை. மெத்தில் சாலிசிலேட் கலந்த தைலத்தைத் தினமும் கால் முழுக்கத் தேய்ப்பது வேறு விஷயம்; அது தோல் வழியாக உள்ளே போய் வார்ஃபரின் சாப்பிடுபவர்களின் ஐஎன்ஆரை ஏற்றியதுண்டு. இடுப்பில் போடும் வலி ஊசியோ, மாத்திரையின் ஆபத்தோடு தசைக்குள் ரத்தம் கட்டும் ஆபத்தையும் சேர்க்கும். ஊசியை எடுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

தெரியாமல் ஒன்று போட்டுவிட்டேன். என்ன செய்வது?

அடுத்த வேளை வலி மாத்திரை வேண்டாம். ரத்த மாத்திரையை வழக்கம்போல் சாப்பிட்டு, டாக்டரைக் கேளுங்கள். மலம் தார் போலக் கறுத்தாலோ, சிறுநீர் சிவந்தாலோ, வாந்தியில் ரத்தம் வந்தாலோ, திடீரென்று கடும் தலைவலி வந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். மாத்திரைப் பட்டைகள், ஐஎன்ஆர் நோட்டு இரண்டையும் கையோடு எடுத்துப் போங்கள்.