இராமானுசன் பட்டியலில் விடுபட்ட உயர்பகு எண்: 293318625600-இன் பண்புகளும் வகைப்பாடும்

ஆய்வுச் சுருக்கம்

சீனிவாச இராமானுசன் 1915-இல் வெளியிட்ட உயர்பகு எண்களின் பட்டியலில் 293318625600 இடம்பெறவில்லை. அவ்வெண்ணின் காரணி அமைப்பையும் வகைப்பாட்டையும் விளக்கி, விடுபட்ட இடம் உணர்த்தும் கணித உண்மையை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: உயர்பகு எண், பகாக் காரணி, அடுக்கு, மிகை எண்.

முன்னுரை

ஒரு நாளை 60 நாழிகைகளாகப் பகுப்பது தமிழர் மரபு. 60-க்கு 12 காரணிகள் உள்ளன. அதனினும் சிறிய எந்த எண்ணுக்கும் அத்தனை காரணிகள் இல்லை. இவ்வாறு தன்னினும் சிறிய எல்லா எண்களைக் காட்டிலும் மிகுதியான காரணிகளைக் கொண்ட முழு எண் ‘உயர்பகு எண்’ என இங்குக் குறிக்கப்படுகிறது. கும்பகோணத்தில் வளர்ந்த இராமானுசன், இலண்டன் கணிதக் கழக இதழில் இவ்வெண்களை விரிவாக ஆராய்ந்தார். 1916-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருக்குப் பட்டம் வழங்கியது இவ்வாய்வின் அடிப்படையிலேயே ஆகும். அதில் 6746328388800 வரையிலான 102 எண்கள் பட்டியலிடப்பட்டுள்ளன. எனினும், 29,331 கோடியே 86 இலட்சத்து 25 ஆயிரத்து 600 என்னும் எண் விடுபட்டது.

காரணி அமைப்பு

293318625600 = 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19.

ஒவ்வோர் அடுக்குடனும் 1 கூட்டிப் பெருக்கினால் காரணிகளின் எண்ணிக்கை கிடைக்கும்: 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 = 5040. அடுக்குகள் இடமிருந்து வலமாக எங்கும் ஏறவில்லை என்பது கருதத்தக்கது. 18 = 2 × 3² என்பதில் அடுக்குகளை இடம் மாற்றினால் 12 = 2² × 3 கிடைக்கும். இரண்டுக்கும் காரணிகள் ஆறே. ஆதலால் 18 உயர்பகு எண் ஆகாது. 4, 36 ஆகியவை நீங்கலாக, 1-ஐ விடப் பெரிய உயர்பகு எண்களில் இறுதிப் பகாக் காரணியின் அடுக்கு 1 என்பதையும் இராமானுசன் நிறுவினார். இவை தேவையான நிபந்தனைகளேயன்றிப் போதுமானவை அல்ல. 30 = 2 × 3 × 5 இவற்றை நிறைவு செய்தும் உயர்பகு எண் ஆகவில்லை; அதற்குரிய 8 காரணிகளை 24 முன்னரே பெற்றுவிடுகிறது.

வகைப்பாடு

6-ஐ விடப் பெரிய, 6-இன் மடங்காதலால் இது மிகை எண். தன்னை நீக்கிய காரணிகளின் கூட்டுத்தொகை தன்னை விஞ்சும். 11-இன் அடுக்கு ஒற்றைப்படையாதலால் இது முழு வர்க்கம் அன்று. இலக்கங்களின் கூட்டுத்தொகையான 45 இதனை மீதியின்றி வகுப்பதால், கப்ரேக்கர் வகுத்த ஹர்ஷத் எண்களிலும் இது அடங்கும்.

விடுபட்ட இடம்

இதற்கு முந்தைய உயர்பகு எண் 240940299600 (4800 காரணிகள்). பிந்தையது 321253732800 (5376 காரணிகள்). இவ்விரண்டிலும் மிகப் பெரிய பகாக் காரணி 23. இடைப்பட்ட எண்ணோ 19-உடன் நின்றுவிடுகிறது. 23-இன் குறையை 7-இன் அடுக்கு 2 ஆவதால் ஓரளவு ஈடுசெய்கிறது. எனவே, எண்கள் பெருகுந்தோறும் இறுதிப் பகா எண்ணும் பெருகும் என்று கொள்ளுதல் பிழையாகும். விடுபட்ட எண்ணை 23-ஆல் பெருக்கினால், பட்டியலின் இறுதி எண்ணான 6746328388800 கிடைப்பதும் நோக்கத்தக்கது.

முடிவுரை

இவ்விடுபாடு இராமானுசனின் தேற்றங்களைச் சிறிதும் தளர்த்தவில்லை. அவர் காட்டிய அடுக்கு விதிகள் அனைத்திற்கும் இவ்வெண் பொருந்துகிறது. பட்டியல் என்பது கணக்கீட்டின் பயன். தேற்றம் நிறுவலின் பயன். ஆகவே, மேதையின் பட்டியலே ஆயினும் வரையறையைக் கொண்டு சரிபார்த்த பின்னரே வகுப்பறைக்கும் ஆய்வேட்டிற்கும் எடுத்தாளுதல் வேண்டும்.