விடிய விடியத் தாங்கும் குரல்

பங்குனி பிறந்தால் காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் திரௌபதி அம்மன் கோயில் பாரதம் களைகட்டும். பகலில் பிரசங்கம், இரவில் கட்டைக்கூத்து. புதிதாகக் கேட்பவர்கள் கூத்து நடிகர்களின் குரலைக் கத்தல் என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அது திறந்தவெளிக்கென்றே பழக்கிய குரல்.

நொடிக்கு ஏறக்குறைய 2,000 முதல் 5,000 முறை அதிரும் ஒலிகளுக்கே நம் காது மிகக் கூர்மையானது. மேல்சுருதியில் அழுத்திப் பாடினால் குரலின் மேலதிர்வுகள் அந்த எல்லையில் வலுக்கும். மிருதங்கமும் டோலக்கும் அதை அமுக்கிவிட முடியாது. முகவீணை என்ற ஊதுகருவியின் கூரிய நாதமும் அப்படித்தான் தூரம் போகிறது. சீனாவின் பீக்கிங் ஓபராவிலும் இதே உச்சக் குரல் உண்டு. பெண் வேஷத்துக்குப் பேர்போன மெய் லான்ஃபாங்கின் மெல்லிய குரலோடு ஜிங்ஹு என்ற சிறு வில்வாத்தியம் இழைந்து வரும்.

இரவும் கைகொடுக்கிறது. வெயில் தாழ்ந்ததும் தரை குளிர, தரையொட்டிய காற்றும் குளிர்கிறது. வெப்பம் ஒரு டிகிரி குறைந்தால் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 0.6 மீட்டர் குறையும். கீழே மெதுவாகவும் மேலே வேகமாகவும் போகும் ஒலி தரையை நோக்கி வளைகிறது. பகலில் வானேறித் தொலையும் பாட்டு, இரவில் அடுத்த ஊர் வயல்வரை எட்டுவது இதனால்தான்.

ஆடிக்கொண்டே எட்டு மணி நேரம் பாட மூச்சு ஏது? நடிகர் ஓரடி பாடுவார். பின்பாட்டுக்காரர்கள் அதைத் திருப்பிப் பாடுவார்கள், முகவீணை வாங்கிக்கொள்ளும். அந்த இடைவெளி ஆட்டத்துக்கு. தொண்டைக்கு ஓய்வு, காலுக்கு வேலை.

கட்டை வேஷக்காரர் சுழல்வதுதான் என்னை மலைக்க வைப்பது. கிரீடம், புஜகீர்த்தி, மார்பதக்கம் எல்லாம் கண்ணாடிச் சில்லு பதித்த மரம். உடலின் நடு அச்சிலிருந்து எடை விலக விலக, சுழற்சியைத் தொடங்குவதும் கடினம், நிறுத்துவதும் கடினம். அவரோ தாளத்தில் டக்கென்று நின்று அடுத்த அடியை எடுக்கிறார். அந்த நொடியிலும் உள்காதின் திரவம் ஓடிக்கொண்டேதான் இருக்கும், உலகமே சுற்றுவதாகச் சொல்லும். பல்லாண்டு பயிற்சியில் மூளை அந்தப் பொய்யைப் பொருட்படுத்தாமலிருக்கக் கற்கிறது.

இந்தப் பயிற்சியைப் பெண்பிள்ளைகளுக்கும் தந்தது புஞ்சரசந்தாங்கல் கட்டைக்கூத்து குருகுலம். பெ. ராஜகோபாலும் ஹன்னே டி புருயினும் 2002-இல் தொடங்கினார்கள், 2020-இல் மூடினார்கள். ஆண்களே ஆடிவந்த கட்டை வேஷத்தில் பெண் குரல் ஒலித்தது பெரிய காரியம்.

கூத்துக்குப் போனால் ஸ்பீக்கர் பெட்டியை விட்டுத் தள்ளி, மேளக்காரர்களுக்குப் பக்கவாட்டில் உட்காருங்கள். துரியோதனன் திரைக்குப் பின்னால் பாடும்போதே, முகம் தெரியுமுன், குரலும் சலங்கையும் ஆளைச் சொல்லிவிடும்.