இலவசப் பயிற்சிதானே என்று கேட்காமல் இருந்துவிடாதீர்கள்

கோடை விடுமுறை நெருங்கும்போது பள்ளிக்கூட வாசலிலும் ரேஷன் கடைச் சுவரிலும் நோட்டீஸ்கள் ஒட்டத் தொடங்கிவிடுவார்கள். ‘வளரிளம் பருவத்தினருக்கு வாழ்க்கைத் திறன் பயிற்சி’, ‘தலைமைப் பண்பு முகாம்’, ‘ஆளுமைத் திறன் வகுப்பு, அனுமதி இலவசம்’. கீழே ஏதாவது ஓர் அறக்கட்டளையின் பெயரும் ஒரு செல்போன் எண்ணும் இருக்கும். பிள்ளையை அனுப்பலாமா என்று யோசிக்கிற பெற்றோரிடம் பேசிப் பாருங்கள். “காசு வாங்காம சொல்லித் தர்றாங்க. அவங்ககிட்டப் போய் நாம என்னத்தக் கேட்கிறது?” என்பார்கள்.

இந்தத் தயக்கம்தான் எனக்குக் கவலை தருகிறது. பணம் கட்டிய டியூஷன் சென்டரில் உரிமையோடு கேட்கிற கேள்விகளை, இலவசம் என்றதும் விழுங்கிவிடுகிறோம். ஆனால் பிள்ளைகளுக்குச் சட்டம் தந்திருக்கும் பாதுகாப்பு, பயிற்சிக்குக் கட்டணம் உண்டா இல்லையா என்று பார்த்து வருவதில்லை.

இப்படிச் சொல்வதால் இந்தப் பயிற்சிகளே வேண்டாம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. நிச்சயமாக வேண்டும். முடிவெடுத்தல், சிக்கலைத் தீர்த்தல், பேச்சுத் திறன், உறவுகளைப் பேணுதல், தன்னை அறிதல், பிறர் நிலையில் நின்று பார்த்தல், கோபத்தையும் மன அழுத்தத்தையும் சமாளித்தல் உள்ளிட்ட பத்துத் திறன்களை உலக சுகாதார நிறுவனம் 1990-களிலேயே வகுத்துத் தந்தது. பாடப்புத்தகத்தில் இவற்றுக்குக் கிடைக்கும் இடம் குறைவு. அந்த இடைவெளியை நம் நாட்டில் பெருமளவு நிரப்பியவை தொண்டு நிறுவனங்கள்தாம். மும்பையில் மேஜிக் பஸ், பெங்களூரில் ட்ரீம் எ ட்ரீம் என்று 1999-இல் தொடங்கிய இரண்டு அமைப்புகள் விளையாட்டையும் கலையையும் வைத்தே ஏழைப் பிள்ளைகளுக்கு இவற்றைச் சொல்லித் தந்து வளர்ந்தவை. ஸ்ரீபெரும்புதூரில் இருக்கும் ராஜீவ் காந்தி தேசிய இளைஞர் மேம்பாட்டு நிறுவனம் வாழ்க்கைத் திறனை ஒரு படிப்பாகவே நடத்தியிருக்கிறது.

நல்ல வகுப்பு எப்படி இருக்கும் என்பதை ஓர் அரசுப் பள்ளி மைதானத்தில் பார்த்தேன். ஆணும் பெண்ணுமாக எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் வட்டமாக நின்று பந்து போட்டுக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் பயிற்றுநர் ஆட்டத்தை நிறுத்திவிட்டு எல்லோரையும் மண்ணிலேயே உட்காரவைத்தார். “யாருக்கெல்லாம் பந்தே வரலை?” என்று கேட்டார். முதலில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பிறகு மூன்று பெண்களும் கண்ணாடி போட்ட ஒரு பையனும் கை தூக்கினார்கள். “ஏன் வரலைன்னு நினைக்கிறீங்க?” என்று அவர்களிடம் கேட்கவில்லை; மற்றவர்களிடம் கேட்டார். “அவங்க பிடிக்க மாட்டாங்கன்னு நெனச்சோம்” என்றான் ஒருவன். அங்கிருந்து பேச்சு வீட்டுக்குப் போனது. வீட்டில் யார் பேச்சுக்குக் காது கொடுப்பதில்லை என்பது வரை போனது. பயிற்றுநர் புத்திமதி என்று ஒரு வரிகூடச் சொல்லவில்லை. கை தூக்கிய பெண்களில் ஒருத்தி, அடுத்த ஆட்டத்தில் “எனக்குப் போடு” என்று சத்தம் போட்டுக் கேட்டாள்.

தனக்கு வேண்டியதைக் கேட்கவும் வேண்டாததை மறுக்கவும் ஒரு பிள்ளைக்குப் பழக்கிவிடுவதுதான் இந்தப் பயிற்சிகளின் உயிர். ஆகவே, எந்த அமைப்பு தன்னைப் பற்றிக் கேள்வி வந்தால் முகம் சுளிக்கிறதோ, அங்கே சொல்லித் தருவது வாழ்க்கைத் திறன் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

2024-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் நமக்கு இரண்டு பாடங்களைத் தந்துவிட்டுப் போனது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளியில் என்.சி.சி. முகாம் என்று சொல்லி ஒரு முகாம் நடத்தினார்கள். நடத்தியவர்களுக்கும் என்.சி.சி.-க்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பது பிறகுதான் வெளியே வந்தது. முகாமுக்காகப் பள்ளியிலேயே தங்கவைக்கப்பட்ட ஒரு சிறுமி பாலியல் வன்கொடுமைக்கு ஆளானதாக வழக்குப் பதிவானது. விஷயம் தெரிந்தும் போலீசுக்குச் சொல்லவில்லை என்று பள்ளி நிர்வாகத்தினரும் கைதானார்கள். அங்கே பிள்ளையை அனுப்பிய பெற்றோர் அசட்டையானவர்கள் இல்லை. பள்ளி சொன்னது, சீருடை இருந்தது, என்.சி.சி. என்ற பெயர் இருந்தது, நம்பினார்கள். சரிபார்த்திருக்க வேண்டிய கடமை பள்ளியினுடையது.

அதே மாதம் சென்னை அசோக் நகர் அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளியில், அறக்கட்டளை நடத்தும் ஒருவர் தன்னம்பிக்கைப் பேச்சுக்கு என்று வந்து, மாற்றுத்திறனோடு பிறப்பது முற்பிறவிப் பாவத்தின் பலன் என்ற பொருள்படப் பேசினார். பார்வை மாற்றுத்திறனாளியான ஓர் ஆசிரியர் அங்கேயே எழுந்து அதைத் தட்டிக் கேட்டார். பேசியவர் பின்னர் கைது செய்யப்பட்டார். யாரோ ஒருவருக்கு மைக்கைக் கொடுப்பதற்கு முன்னால் என்ன பேசப்போகிறார் என்று கேட்காததன் விளைவு அது. அன்று உட்கார்ந்து கேட்ட மாணவிகளுக்கு அந்த ஆசிரியரின் குரல்தான் உண்மையான வாழ்க்கைத் திறன் வகுப்பாக இருந்திருக்கும்.

கிருஷ்ணகிரியில் நடந்ததைப் போன்றவற்றைத் தடுக்கக்கூடிய சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டத்துக்காக 2020-இல் வந்த விதிகளில் மூன்றாவது விதியைப் பெற்றோர் ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். பள்ளி, விளையாட்டுப் பயிற்சிக்கூடம், காப்பகம் என்று குழந்தைகளோடு தொடர்ந்து பழகும் எந்த அமைப்பாக இருந்தாலும், அதன் ஊழியர்களின் பின்னணியைப் போலீஸ் சரிபார்ப்புச் செய்திருக்க வேண்டும். அதையும் ஒருமுறையோடு விடாமல் அவ்வப்போது செய்ய வேண்டும் என்கிறது அந்த விதி. ஒப்பந்தப் பணியாளரும் இதில் அடக்கம். குழந்தைகளோடு வேலை செய்யும் அமைப்புகளிடம் எழுத்து வடிவிலான குழந்தைகள் பாதுகாப்புக் கொள்கை இருக்க வேண்டும் என்பதும் அந்த விதியின் நோக்கம்தான். எனவே, “உங்க டிரெய்னருக்கு போலீஸ் வெரிஃபிகேஷன் முடிஞ்சிருக்கா? குழந்தைகள் பாதுகாப்புக் கொள்கை இருந்தா ஒரு காப்பி கொடுங்க” என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. ஒழுங்காக நடக்கும் நிறுவனம் கேட்ட அன்றே எடுத்துக் கொடுக்கும்.

பதிவு விவரத்தையும் பாருங்கள். தொண்டு நிறுவனம் என்றால் சங்கமாகவோ அறக்கட்டளையாகவோ கம்பெனிச் சட்டத்தின் எட்டாம் பிரிவின்கீழோ பதிவாகியிருக்க வேண்டும். நிதி ஆயோக்கின் தர்பண் இணையதளத்தில் பெயரைப் போட்டுத் தேடலாம். அங்கே பெயர் இருப்பது நன்னடத்தைச் சான்று ஆகிவிடாது. ஆனால் யார் நடத்துகிறார்கள், எங்கே இருக்கிறார்கள் என்பதாவது தெரியும். தங்கிப் படிக்கிற பயிற்சி என்றால் இன்னும் கறாராக இருக்க வேண்டும். பெண்களையும் குழந்தைகளையும் தங்கவைக்கும் விடுதிகளுக்கும் இல்லங்களுக்கும் 2014-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சட்டப்படி மாவட்ட ஆட்சியரின் உரிமம் வேண்டும். இரவில் பெண் வார்டன் யார், பூட்டு உள்பக்கம் இருக்கிறதா வெளிப்பக்கமா, பிள்ளை நினைத்த நேரம் வீட்டுக்குப் போன் பேசலாமா என்று நேரில் போய்ப் பார்த்துவிட்டு விடுங்கள்.

பலரும் கவனிக்காமல் விடுவது ஒப்புதல் படிவம். பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும்; சின்ன எழுத்தில் இருக்கும்; பிள்ளை இரவு கொண்டுவந்து நீட்டினால் காலையில் அவசர அவசரமாகக் கையெழுத்துப் போட்டு அனுப்புவோம். அதில் ஒரு வரி, பிள்ளையின் படத்தையும் காணொளியையும் விளம்பரத்துக்கும் நிதி திரட்டவும் பயன்படுத்திக்கொள்ள அனுமதி தருவதாக இருக்கும். அந்த வரியை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடலாம். படத்துக்குச் சம்மதிக்கவில்லை என்பதற்காகப் பயிற்சியில் இடம் இல்லை என்றால், அந்த நிறுவனத்துக்கு வேண்டியது உங்கள் பிள்ளையின் முகம்தான். 2023-இல் இயற்றப்பட்டுப் படிப்படியாக நடைமுறைக்கு வந்துகொண்டிருக்கும் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்கு உட்பட்டவர்களின் விவரங்களைக் கையாள பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதத்தைக் கேட்கிறது. கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறவும் வழி வைத்திருக்கிறது. காப்பகங்களில் வளரும் பிள்ளைகள் விஷயத்தில் சட்டம் இன்னும் கடுமையானது. அவர்களை அடையாளம் காட்டும் பெயரையோ படத்தையோ ஊடகத்தில் வெளியிடுவது இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி தண்டனைக்குரிய குற்றம். நன்கொடையாளர்களைக் கவர்வதற்காக அழுத முகங்களைப் பகிர்கிற வழக்கம் இதைத் தெரிந்தே மீறுகிறது.

வேலையோடு சேர்த்துத் தரும் பயிற்சிகளில் ஆபத்து வேறு மாதிரி. நூற்பாலைகளில் ‘சுமங்கலி’ திட்டம் என்ற பெயரில் வளரிளம் பெண்களைப் பயிற்சியாளர் என்று சேர்த்து, மூன்று வருடம் முடிந்தால் கல்யாணத்துக்கு மொத்தத் தொகை என்று சொல்லி அடைத்துவைத்த கதை மேற்கு மாவட்டங்களுக்குத் தெரியாததில்லை. ‘பயிற்சி’ என்ற சொல் அங்கே குறைந்த கூலிக்குப் போட்ட திரை. எனவே பயிற்சி எத்தனை மணி நேரம், வேலை எத்தனை மணி நேரம், உதவித்தொகை யார் கணக்கில் வரும், நடுவில் நின்றால் என்ன ஆகும் என்று எழுதி வாங்குங்கள். மார்க் ஷீட், டி.சி. எதையும் அசலாகக் கொடுக்க வேண்டாம். சரிபார்த்துவிட்டு நகலை வைத்துக்கொள்ளட்டும். கிராமப்புற ஏழை இளைஞர்களுக்கான தீன்தயாள் உபாத்யாய கிராமீண கௌசல்யா திட்டத்தில் 15 முதல் 35 வயதுவரை உள்ளவர்களுக்குப் பயிற்சி கட்டணமில்லாதது. அதன் பெயரைச் சொல்லி யாராவது ‘பதிவுக் கட்டணம்’ கேட்டால், அங்கேயே எழுந்து வந்துவிடலாம்.

காப்பகத்தில் வளர்ந்து 18 வயதில் வெளியே வரும் பிள்ளைகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். வாழ்க்கைத் திறன் பயிற்சி இவர்களைவிட அதிகமாகத் தேவைப்படுபவர்கள் யாரும் இல்லை. வாடகைக்கு வீடு பார்ப்பது, வங்கிக் கணக்கை நடத்துவது, காய்ச்சல் வந்தால் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போவது எல்லாம் ஒரே நாளில் அவர்கள் தலையில் விழுகிறது. இளைஞர் நீதிச் சட்டத்தின் 46-ஆம் பிரிவு 18-லிருந்து 21 வயதுவரை பிற்காப்பு உதவிக்கு வழி செய்கிறது. இப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் வெளியே வருபவர்கள் உண்டு. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேட்டால் விவரம் கிடைக்கும். 18 முடிவதற்கு முன்பே கேட்டுவைப்பது நல்லது.

சரி, ஏதாவது தவறு நடந்துவிட்டது. பிள்ளை வந்து சொல்கிறாள், அல்லது சொல்லாமல் ‘இனிமே அங்க போகல’ என்று மட்டும் சொல்கிறாள். முதலில் முழுதாகக் கேளுங்கள், “நீ ஏன் அங்க நின்ன?” என்று ஆரம்பிக்காதீர்கள். 18 வயதுக்கு உட்பட்டவர் என்றால் குழந்தைகள் உதவி எண் 1098-க்கு எந்த நேரமும் அழைக்கலாம். உடனடி ஆபத்து என்றால் 112. பள்ளி வளாகத்தில் நடந்தது என்றால் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417 இருக்கிறது. பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தும் போலீசுக்குத் தெரிவிக்காமல் இருப்பதே போக்சோவில் குற்றம். தன் கீழ் வேலை பார்ப்பவரின் குற்றத்தை மறைக்கும் நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டுவரை சிறை உண்டு. ‘நிறுவனத்தோட நல்ல பேரு கெட்டுடும், உள்ளுக்குள்ளயே பேசி முடிச்சுக்கலாம்’ என்று யாராவது சமாதானத்துக்கு வந்தால் இதை அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள். நல்லெண்ணத்தோடு தகவல் தருபவர்மீது அதற்காக வழக்குப் போட முடியாது என்று அதே சட்டம் காப்புத் தருகிறது.

வாக்குமூலத்துக்குப் பிள்ளையை ஸ்டேஷனுக்கு இழுத்துக்கொண்டு போக வேண்டியதில்லை. வீட்டிலோ பிள்ளை விரும்பும் வேறு இடத்திலோ வைத்து, கூடியவரை சப்-இன்ஸ்பெக்டர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி, சீருடை இல்லாமல் வந்து பதிவுசெய்ய வேண்டும். பெற்றோரோ பிள்ளை நம்பும் ஒருவரோ கூட இருக்கலாம். பெண் குழந்தைக்கு மருத்துவப் பரிசோதனையைப் பெண் மருத்துவர்தான் செய்ய வேண்டும்.

18 வயதைத் தாண்டிய பெண்களுக்கு 2013-ஆம் ஆண்டுப் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் பொருந்தும். தொண்டு நிறுவனமும் அதில் பணியிடம்தான், பயிற்சிக்கு வந்தவரும் அதற்குள் அடக்கம். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் உள் புகார்க் குழு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மாவட்டத்தில் உள்ள உள்ளூர்க் குழுவிடம் போகலாம். மூன்று மாதத்துக்குள் புகாரை எழுதிக் கொடுக்க வேண்டும். பணம் கட்டி ஏமாந்தவர்கள் நுகர்வோர் உதவி எண் 1915-இல் கேட்கலாம். வக்கீல் வைக்க வசதியில்லை என்று யாரும் பின்வாங்க வேண்டாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும், 15100-க்கும் பேசலாம்.

முகாம் வெளியூரில் நடந்ததால் அந்த ஊர் ஸ்டேஷனுக்குப் போங்கள் என்று சொல்வார்கள். போக வேண்டாம். இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகத் தர வேண்டும். போலீஸார் புகாரை வாங்க மறுத்தால் அதையே மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அங்கும் நடவடிக்கை இல்லையென்றால் நீதிமன்றத்துக்குப் போகலாம். நோட்டீஸ், ஒப்புதல் படிவம், பயிற்றுநரோடு நடந்த வாட்ஸ்அப் பேச்சு, முகாம் நடந்த தேதிகள், கூட இருந்த பிள்ளைகளின் பெயர்கள் எல்லாவற்றையும் அழிக்காமல் வைத்திருங்கள். விசாரணை அதிகாரி முதலில் கேட்பது அவற்றைத்தான்.