குறையைச் சொல்லி விற்ற கார்!

1960-ம் ஆண்டு அமெரிக்கப் பத்திரிகைகளில் ஒரு விளம்பரம் வந்தது. பக்கத்தின் பெரும்பகுதியில் ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரின் கறுப்பு வெள்ளைப் படம். அதன் கீழே தலைப்பாக ஒரே ஒரு வார்த்தை: ‘லெமன்’.

எலுமிச்சை என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்கப் பேச்சு வழக்கில், வாங்கியவர் தலையில் கட்டப்பட்ட ஓட்டை வண்டிக்கு அதுதான் பெயர். தன் காரைத் தானே ‘ஓட்டை’ என்று ஒரு நிறுவனம் சொல்லுமா? பக்கத்தைப் புரட்டப்போன கை அங்கேயே நின்றுவிடும்தானே!

விடை, கீழே சின்ன எழுத்துகளில் இருந்தது. படத்தில் இருப்பது விற்பனைக்கு அனுப்பப்படாத கார். உள்ளே இருக்கும் டேஷ்போர்டு பெட்டியின் குரோம் பட்டையில் சிறு வடு. அதைக் கவனித்த ஆய்வாளர் காரை நிறுத்திவிட்டார். ஜெர்மனியின் வுல்ஃப்ஸ்பர்க் தொழிற்சாலையில் இப்படிச் சோதிப்பதற்கென்றே 3,389 பேர் இருந்தார்கள். ஒரு நாளில் தயாராகும் கார்களைவிடச் சோதிப்பவர்கள் அதிகம்!

‘எங்கள் கார் தரமானது’ என்று எழுதியிருந்தால் யாரும் நின்று படித்திருக்க மாட்டார்கள். எல்லா நிறுவனங்களும் சொல்வதுதானே அது. டாயில் டேன் பெர்ன்பாக் என்ற விளம்பர நிறுவனம், அதே தரத்தை எதிர்ப்பக்கத்திலிருந்து சொன்னது. பீட்டிலுக்காக அவர்கள் செய்த இந்த விளம்பர வரிசையைத்தான், 20-ம் நூற்றாண்டின் சிறந்த விளம்பரமாக ‘அட்வர்டைசிங் ஏஜ்’ இதழ் 1999-ல் தேர்ந்தெடுத்தது.

‘நாங்கள் இரண்டாமிடம்தான்!’

அதே நிறுவனம் 1962-ல் ஏவிஸ் என்ற வாடகைக் கார் நிறுவனத்துக்கு விளம்பரம் எழுதியது. அப்போது முதலிடத்தில் இருந்தது ஹெர்ட்ஸ். ஏவிஸ் அதை மறைக்கவில்லை. ‘நாங்கள் இரண்டாமிடம், அதனால் கூடுதலாக உழைக்கிறோம்’ என்ற பொருளில் விளம்பரம் செய்தது. பல ஆண்டுகள் நஷ்டத்தில் ஓடிய நிறுவனம் லாபத்துக்குத் திரும்பியது.

2011 நவம்பர் 25. அமெரிக்காவில் தள்ளுபடி விற்பனை களைகட்டும் ‘பிளாக் ஃபிரைடே’. அன்றைய ‘நியூயார்க் டைம்ஸ்’ இதழில் படகோனியா என்ற ஆடை நிறுவனம், தன் ஜாக்கெட் படத்தைப் போட்டு ‘இதை வாங்காதீர்கள்’ என்றது. அந்த ஒரு ஜாக்கெட்டைத் தயாரிக்க 135 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்ற கணக்கையும் கூடவே கொடுத்தது.

ஆச்சரியத்துக்குப் பின்னால் உண்மை

மூன்றிலும் பொதுவான விஷயம் ஒன்று உண்டு. விற்பவர் வழக்கமாக மறைக்கும் ஒன்றை, அவரே முன்வந்து சொல்கிறார். வாசகர் நிமிர்ந்து உட்காருவது அதனால்தான். அடுத்த வரியிலேயே அதற்கான காரணமும் உண்மையாக வந்துவிடுகிறது. அந்த இரண்டாவது வரி இல்லாவிட்டால், முதல் வரி வெறும் பரபரப்பு. ‘அதிர்ச்சித் தகவல்’ என்ற தலைப்பை நம்பித் தொட்டு, உள்ளே ஒன்றும் இல்லாமல் ஏமாந்தவர்கள் அடுத்த முறை அந்தப் பக்கம் வருவார்களா?

வீட்டிலிருந்தே தொழில் செய்து, வாட்ஸ்அப்பில் விளம்பரம் எழுதுபவர்களுக்கும் இது பொருந்தும். இட்லி மாவு விற்பவர், ‘சுத்தமான, சுவையான மாவு’ என்று எழுதினால் அது நூற்றில் ஒன்று. ‘மூன்றாம் நாள் எங்கள் மாவு புளித்துவிடும்’ என்று தொடங்கிப் பாருங்கள். ‘ஏன்?’ என்று கேட்கத் தோன்றும். ‘கெடாமல் இருக்க நாங்கள் எதையும் கலப்பதில்லை’ என்ற பதில் அப்போதுதான் மனதில் பதியும். ஆனால், அது உண்மையாக இருக்க வேண்டும். மறைவாக எதையாவது கலந்துவிட்டு இப்படி எழுதினால், பொய் வெளுக்கும் நாளில் கடையே போய்விடும்.

புது வரி தேடி மூளையைக் கசக்க வேண்டாம். வாடிக்கையாளர் கேட்கத் தயங்கும் கேள்வி எது, நாம் சொல்லத் தயங்கும் பதில் எது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அடுத்த விளம்பரத்தின் முதல் வரி அதிலேயே இருக்கும்.